கண்ணுக்குத் தமிழ், செவிக்குப் புதிர்: பல்கலைக்கழகத் தமிழ் மின்னுரைகளின் அணுகல்தன்மை

ஆய்வுச் சுருக்கம்

பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளின் ஆய்வேடுகளும் பாடநூல்களும் ஆய்விதழ்க் கட்டுரைகளும் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. எனினும் அவற்றுள் பல, திரைவாசிப்பு மென்பொருளின் துணையால் செவிவழிப் படிக்கும் பார்வையற்ற மாணவருக்கு எட்டாத நிலையிலேயே உள்ளன. பழைய எழுத்துருக் குறியாக்கங்கள், பிடிஎஃப் கோப்பின் உள்ளமைப்பு, ஸ்கேன் படிகள் ஆகியன இந்நிலைக்கு எவ்வாறு காரணமாகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அணுகல்தன்மையைக் கணினித்துறையின் பொறுப்பாக மட்டும் கருதும் போக்கை மறுத்து, அது பதிப்பியலின் ஒரு கூறு என்ற கருத்தை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: அணுகல்தன்மை, ஒருங்குறி, திரைவாசிப்பு, ஆய்வேடு, பதிப்பியல், மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம்.

முன்னுரை

பார்வையற்ற புலவரைத் தமிழ் இலக்கிய வரலாறு நன்கு அறியும். அந்தகக்கவி வீரராகவ முதலியாரும், இரட்டைப்புலவருள் ஒருவரும் நூல்களைக் கண்ணால் கற்றவர் அல்லர். ஆசிரியர் வாயிலாகக் கேட்டு, மனத்தில் இருத்தி, மீண்டும் சொல்லிக் கற்பதே ஓலைச்சுவடிக் காலத்தின் பொது முறையாக இருந்தமையால், அவர்களுக்கும் பார்வையுடைய மாணாக்கருக்கும் இடையே இருந்த தொலைவு இன்றைய அளவுக்கு விரிந்ததாக இருந்திருக்க இயலாது. அச்சு நூல் அத்தொலைவைப் பெருக்கியது. கணினி அதனை மீண்டும் குறைத்திருக்க வேண்டும். ஆங்கில நூல்களைப் பொறுத்தவரை ஓரளவு குறைத்தும் இருக்கிறது. தமிழ் நூல்களைப் பொறுத்தவரை அவ்வாறு நிகழாமைக்குக் காரணம் கருவியின் குறைபாடு மட்டுமன்று.

தமிழகக் கலைக் கல்லூரிகளின் தமிழ், வரலாற்றுத் துறைகளில் பார்வையற்ற மாணவர் சேர்ந்து பயில்வது நெடுநாள் வழக்கம். செய்முறை வகுப்புகளைக் கொண்ட அறிவியல் துறைகள் அவர்களுக்குப் பெரும்பாலும் மூடியே இருந்தமை அதற்கு ஒரு காரணம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம், அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை மாற்றுத்திறனாளருக்கு ஒதுக்குமாறு தன் 32ஆம் பிரிவில் விதிக்கிறது. அச்சட்டத்தின் 42ஆம் பிரிவு, அச்சு, ஒலி, மின்னணு ஊடகங்களில் வெளியாகும் உள்ளடக்கம் அனைத்தும் அணுகத்தக்க வடிவில் அமைவதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. (திருக்குறளிலும் 42ஆம் அதிகாரம் கேள்வி என்பதாகும். தற்செயல்தான், ஆயினும் தமிழாசிரியருக்கு நினைவில் வைத்துக்கொள்ள எளிது.) முதற்பிரிவால் மாணவர் வகுப்பறைக்குள் வருகிறார், இரண்டாம் பிரிவு செயற்படாமையால் நூல் அவருக்கு வெளியே நின்றுவிடுகிறது. நண்பர் படித்துக்காட்ட, தன்னார்வலர் ஒலிப்பதிவு செய்துதர, அவர்தம் ஓய்வுநேரத்தை எதிர்பார்த்துத் தேர்வுக்கு ஆயத்தமாகும் நிலை தொடர்கிறது. இளங்கலை வரையில் இது ஒருவாறு போதலாம். முந்தைய ஆய்வுகள் நூற்றைத் தேடிப் புரட்ட வேண்டிய முனைவர் பட்ட ஆய்வாளருக்கு இது போதாது.

எழுத்துருவின் மாயம்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு நெறிமுறைகள் ஆய்வேடுகளை மின்வடிவில் அளிப்பதைக் கட்டாயமாக்கின. இன்ஃபிளிப்நெட் மையத்தின் ‘சோத்கங்கா’ களஞ்சியம் அதன் பயனாகப் பெருகியது. தமிழ் ஆய்வேடுகளும் அங்குப் பெருந்தொகையாக ஏறியுள்ளன. அவற்றைத் திறந்து பார்ப்பவர் கண்ணுக்கு ஒரு குறையும் தோன்றாது. எழுத்து தெளிவாகவே இருக்கும். செவியால் படிப்பவரின் பட்டறிவு வேறு.

பல்கலைக்கழக வாயில்களை ஒட்டிய கணினி அச்சகங்களில் நெடுங்காலமாக ஆய்வேடுகள் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டுவந்தன. இவ்வெழுத்துருக்கள் தமிழ் எழுத்தின் வடிவத்தை ஆங்கில எழுத்தின் இடத்தில் வைத்து வரைந்தவை. பாமினியில் ‘தமிழ்’ என்று தட்டச்சிடுவோர் உண்மையில் கோப்பில் பதிப்பது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும்தான். திரையில் அவை தமிழ் வடிவம் பூண்டு நிற்கின்றன. திரைவாசிப்பு மென்பொருள் வடிவத்தைப் பார்ப்பதில்லை, குறியைப் படிக்கிறது. ஆகவே ‘தமிழ்’ என்ற சொல் வரும் இடந்தோறும் பொருளற்ற ஆங்கில எழுத்துக்கோவை ஒன்றையே ஒலிக்கிறது. முந்நூறு பக்க ஆய்வேடு முழுவதும் இவ்வாறே.

இதனைத் தொழில்நுட்பம் முதிராத காலத்தின் குறை என்று ஒதுக்கிவிட இயலாது. தமிழ் 1991இலேயே ஒருங்குறியில் இடம்பெற்றுவிட்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம்99 மாநாடு டாம், டாப் குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் முன்வைத்தது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாகவும், அது பயன்படாத இடங்களில் டேஸ்16 குறியாக்கத்தை மாற்றாகவும் ஏற்று ஆணையிட்டது. அவ்வாணைக்குப் பின்னரும் பழைய எழுத்துருவில் அமைந்த ஆய்வேடுகள் தமிழ்த்துறைகளில் ஏற்கப்பட்டன. ஆய்வேட்டின் ஓர அளவு, வரி இடைவெளி, கட்டமைப்பின் நிறம் ஆகியவற்றை நுணுகி விதித்த வழிகாட்டிகளுக்கு, அதன் எழுத்து தமிழா அன்றா என்ற வினா எழவேயில்லை.

ஒருங்குறிக்கு மாறியவுடன் எல்லாம் சீராகிவிடும் என்ற நம்பிக்கையும் மிகையானது. கண் மன்னித்துவிடும் பிழைகளைச் செவி மன்னிப்பதில்லை. ‘ஔவையார்’ என்பதை ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு ‘ஒளவையார்’ என எழுதும் பழக்கம் இணையமெங்கும் பரவியுள்ளது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மென்பொருளோ அதில் ஒகரத்தையும் ளகரத்தையும் தனித்தனியே ஒலிக்கும். ‘கௌரவம்’ என்பது ‘கெளரவம்’ ஆகும்போதும் இதே நிலைதான். துணைக்காலுக்கு மாற்றாக ரகரத்தை இடுவது, தமிழ் எண் ‘௧’ வர வேண்டிய இடத்தில் ககர உயிர்மெய்யையும் ‘௭’ வர வேண்டிய இடத்தில் எகரத்தையும் இடுவது ஆகியனவும் இவ்வகையினவே. இவை செவிவழிப் படிப்பவரை மட்டும் தடுப்பனவல்ல. ‘ஔவையார்’ என்று தேடுபவருக்கு ‘ஒளவையார்’ என்று எழுதப்பட்ட கட்டுரை அகப்படுவதில்லை.

பிடிஎஃப் என்னும் பொதுவழக்கு

ஒருங்குறியில் பிழையற எழுதிய கோப்பும் பிடிஎஃப் ஆகும்போது சிதையக்கூடும். பிடிஎஃப் அடிப்படையில் அச்சிட்ட தாளின் மின்னுருவம்; எந்த வடிவம் தாளின் எந்த இடத்தில் அமைய வேண்டும் என்பதே அதன் முதற்கவலை. வடிவத்துக்குப் பின்னுள்ள எழுத்து எது என்பதற்கான அட்டவணை கோப்பினுள் சரியாக அமைந்தால்தான் உரையை மீட்க முடியும். தமிழில் எகர, ஏகார, ஐகாரக் குறிகள் மெய்க்கு முன்னே எழுதப்பட்டு மெய்க்குப் பின்னே ஒலிப்பவை. அட்டவணை பழுதானால் அவை கண்ட வரிசையிலேயே வெளிவரும். ‘மரபெழுத்து’ என்ற சொல் ‘மரெபழுத்து’ என ஒலிக்கும். ஒரு பக்கத்தில் இத்தகைய சொற்கள் இருபது இருந்தாலே படிப்பவர் சோர்ந்துவிடுவார்.

இதற்கு மேல் கட்டமைப்பின்மை என்னும் குறையும் உண்டு. தலைப்பைத் தலைப்பு என்று குறிக்காமல், எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கி விடுவது தமிழ் ஆய்வுக் கட்டுரைகளின் பொதுவழக்கு. பார்வையுடையவர் பக்கத்தைப் புரட்டி இயலின் தொடக்கத்தை ஒரு நொடியில் காண்கிறார். திரைவாசிப்பு மென்பொருளும் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவ வல்லது. ஆனால் தலைப்பு எனக் குறிக்கப்பட்டதற்கு மட்டுமே அது தாவும். குறி இல்லையேல் நான்காம் இயலைத் தேடும் மாணவர் முதல் மூன்று இயல்களையும் கேட்டுக் கடக்க வேண்டும். இணையத் தமிழ் ஆய்விதழ்களும் இவ்வகையில் விதிவிலக்கல்ல. எழுத்துருவின் பெயரையும் அளவையும் கட்டுரையாளருக்கு விதிக்கும் இதழ்கள், தலைப்புப் பாணியைப் பயன்படுத்துமாறு கேட்பது அரிது. கட்டுரையை இணையப்பக்க வடிவிலும் வெளியிட்டால் இச்சிக்கலின் பெரும்பகுதி தானே நீங்கும். மதிப்பெண்ணுக்காகவும் பணி உயர்வுக்காகவும் பக்க எண்ணுடன் கூடிய பிடிஎஃப் தேவைப்படுவதால் அவ்வடிவம் விடாமல் தொடர்கிறது. தேவைப்படுவது சான்றிதழாயின் அது இருந்துவிட்டுப் போகட்டும். அதனையே வாசிப்புக்குரிய ஒரே வடிவமாக்குவதற்கு நியாயம் இல்லை.

சட்டவிதியும் ஸ்கேன் படியும்

2017இல் வகுக்கப்பட்ட மாற்றுத்திறனாளர் உரிமை விதிகளின் 15ஆம் விதி, இணையதளங்களில் இடப்படும் ஆவணங்கள் ஈபப் வடிவிலோ எழுத்துணரி வழிப்பட்ட பிடிஎஃப் வடிவிலோ அமைய வேண்டும் என்கிறது. ஆங்கில அலுவலகக் கடிதத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட விதி இது என்பது வெளிப்படை. தட்டச்சிட்ட ஆங்கிலப் பக்கத்தை எழுத்துணரி ஏறத்தாழப் பிழையின்றிப் படித்துவிடும். பழைய தமிழ் அச்சுநூலின் நிலை வேறு. 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவை பழைய கூட்டு வடிவில் உள்ளன. புதிய வடிவங்களைக் கொண்டு பயிற்றப்பட்ட எழுத்துணரி இவற்றில் தடுமாறுகிறது. மங்கிய தாள், அடுத்த பக்கத்தின் மை, உடைந்த புள்ளி ஆகியவை தடுமாற்றத்தைப் பெருக்குகின்றன. புள்ளி ஒன்று விடுபட்டாலும் மெய் உயிர்மெய்யாகிச் சொல் மாறிவிடும். எழுத்துணரி வழிப்பட்டதா என்று கேட்கும் விதி, அதன் விளைவைத் தமிழறிந்தவர் ஒருவர் சரிபார்த்தாரா என்று கேட்கவில்லை. பிழை மலிந்த உரையை ஸ்கேன் படத்தின் பின்னே மறைத்துவைத்த கோப்பும் விதியின் கண்ணில் நிறைவானதே.

2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்சநீதிமன்றம், 15ஆம் விதி கட்டாயத்தன்மையற்ற பரிந்துரையாகவே நின்றுவிடுவதால் அது மூலச்சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்து, மீறவொண்ணாத அடிப்படைத் தரங்களை வகுக்குமாறு ஒன்றிய அரசைப் பணித்தது. 2025 ஏப்ரல் 30 அன்று வேறொரு வழக்கில், மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்பின் 21ஆம் உறுப்பு காக்கும் வாழ்வுரிமையின் கூறு என்றது. இத்தீர்ப்புகளின் அடியொற்றி வரும் தரங்கள் மீண்டும் ஆங்கிலக் கோப்பையே அளவுகோலாகக் கொள்ளுமாயின், தமிழ்த்துறைக்கு அவற்றால் விளையும் பயன் சிறிதாகவே இருக்கும். இதனைச் சுட்டிக்காட்டும் பொறுப்பு தமிழ்ப் புலமையாளர்க்கு உரியது. வேறெவரும் இதனைச் செய்யப்போவதில்லை.

பதிப்புரிமை தடுக்கிறது என்ற விடையும் சிலவேளை கேட்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில், மாற்றுத்திறனாளரின் பயன்பாட்டுக்காக நூலை அணுகத்தக்க வடிவில் படியெடுப்பதற்கு விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாதான். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களுக்கோ இவ்வினாவே எழாது. அந்நூல்களின் ஸ்கேன் படிகளைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் திரட்டி வழங்கியமை பெருந்தொண்டு என்பதில் ஐயமில்லை. அப்படிகளை எழுத்துணரியால் உரையாக்கி, பக்கம் பக்கமாக மெய்ப்புப் பார்க்கும் பணியைத் தமிழ் விக்கிமூலத் தன்னார்வலர் மேற்கொண்டுள்ளனர். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் தன்னார்வ உழைப்பால் வளர்ந்ததே. ஊதியம் பெறும் பேராசிரியரும் உதவித்தொகை பெறும் ஆய்வாளரும் நிறைந்த துறைகள் எட்டிநிற்க, இப்பணி ஓய்வுநேர ஆர்வலரின் தோளில் விழுந்திருப்பது கருதத்தக்கது.

பதிப்பியலின் வினா

அணுகல்தன்மை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் தமிழ்த்துறையினர் அதனைக் கணினி மையத்துக்கு அனுப்பிவிடுகின்றனர். ஆனால் ஒரு செவ்வியல் நூலைச் செவிக்கு உரியதாக்கும் பணியில் எழும் வினாக்கள் பெரும்பாலும் கணினி வல்லுநரால் விடைகூற இயலாதவை.

உ.வே. சாமிநாதையரின் 1894ஆம் ஆண்டுப் புறநானூற்றுப் பதிப்பு போன்ற ஒன்றைக் கருதலாம். மூலம், திணை துறைக் குறிப்பு, பாடினோர் பாடப்பட்டோர் பெயர், பழைய உரை, அடிக்குறிப்பு, பாடவேறுபாடு எனப் பல அடுக்குகள் ஒரே பக்கத்தில் உள்ளன. எது மூலம், எது உரை, எது பதிப்பாசிரியர் கூற்று என்பதை எழுத்தின் அளவும் இடமும் பார்ப்பவருக்கு உணர்த்திவிடுகின்றன. செவிக்கு அளவும் இடமும் இல்லை. எல்லாம் ஒரே குரலில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். உரையின் நடுவே பக்க அடியிலுள்ள பாடவேறுபாடு புகுந்து, அடுத்த பக்கத்தில் உரை விட்ட இடத்திலிருந்து தொடரும். இவற்றைப் பிரித்துப் பெயரிட்டு, வேண்டுவார் வேண்டியபோது கேட்குமாறும் வேண்டாதபோது தாண்டுமாறும் அமைக்க வேண்டும். இவ்வாறு அடுக்குகளைப் பிரித்தறிவதே பதிப்பாசிரியர் காலங்காலமாகச் செய்துவரும் தொழில். சுவடியில் மூலமும் உரையும் கலந்து கிடந்தபோது அவற்றைப் பிரித்த அதே அறிவு இங்கும் வேண்டப்படுகிறது.

சீர்பிரிப்பு இன்னும் கடினமான வினாவை எழுப்புகிறது. செய்யுளைச் சீர் எல்லையில் இடைவெளி விட்டு அச்சிடும் மரபில் சொல் இடையில் முறிகிறது. ஒரு சொல்லின் ஈறும் அடுத்த சொல்லின் முதலும் ஒரே சீரில் சேர்கின்றன. பார்வையுடைய மாணவர் வரி முழுவதையும் ஒருங்கே நோக்கி, முறிந்ததை மனத்தில் இணைத்துக்கொள்கிறார். மென்பொருள் இடைவெளியைச் சொல்லின் எல்லையாகவே கொள்ளும். முறிந்த துண்டைத் தனிச்சொல்லாக ஒலிக்கும். வல்லின எழுத்துகள் சொல்லின் முதலில் ஓரொலியும் இடையில் வேறொலியும் பெறுவன ஆதலின், எல்லை மாறினால் ஒலியும் மாறுகிறது. பதம் பிரித்த பாடத்தை மட்டும் தருவது இதற்கு எளிய தீர்வாகத் தோன்றலாம். அவ்வாறு தந்தால் பார்வையற்ற மாணவர் பொருளைப் பெறுவார், யாப்பை இழப்பார். தளையும் தொடையும் கற்க வேண்டிய தமிழ் மாணவரிடம் யாப்பை விலக்கிய பாடத்தை அளிப்பது அரைகுறைக் கல்வி. இரு பாடங்களும் இணையாகத் தரப்பட்டு, எது எதுவெனக் குறிக்கப்பட வேண்டும். பதம் பிரிப்பதோ உரைவேறுபாட்டுக்கு இடமானது. ஒரே தொடரை இருவகையாகப் பிரித்துப் பொருள்கொண்ட உரையாசிரியர் உளர். எப்பிரிப்பைச் செவிக்குத் தருவது என்பதைத் துணிய உரைமரபு அறிந்த ஒருவர் வேண்டும்.

படங்களின் விளக்கமும் இவ்வாறே. கல்வெட்டுப் படத்துக்கு ‘கல்வெட்டு’ என்று மட்டும் பெயரிடுவதால் பயனில்லை. அதன் வாசகம், எழுத்துமுறை, சிதைந்த பகுதி ஆகியவற்றைச் சொல்பவர் கல்வெட்டைப் படிக்கத் தெரிந்தவராக இருத்தல் வேண்டும். காணொலி வகுப்புகளின் துணையுரை, கேட்கும் திறனற்ற மாணவரைப் பொறுத்தவரை இதற்கு நிகரான தேவை. அது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

விலக்கிவிடுதல் என்னும் தீர்வு

அணுகத்தகாதவற்றை நீக்கிவிட்டால் சட்டச்சிக்கல் தீரும் என்ற எண்ணம் நிறுவனங்களுக்கு எழுவது இயல்பு. அமெரிக்காவின் பெர்க்லி நிகழ்வு இதற்குத் தக்க சான்று. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் இலவசமாக வெளியிட்ட விரிவுரைகளில் துணையுரை முதலியன சரிவர இல்லை என்று, செவித்திறனற்றோருக்கான காலடெட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவரின் முறையீட்டின் பேரில் ஆராய்ந்த அந்நாட்டு நீதித்துறை, 2016 ஆகஸ்டில் குறைகளைச் சுட்டிக் கடிதம் எழுதியது. பெர்க்லி 2017 மார்ச்சில் 20,000-க்கும் மேற்பட்ட ஒலி, ஒளிப் பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து விலக்க முடிவுசெய்தது. கேட்க இயலாதவர்க்கு வழிசெய்யக் கேட்டபோது, எவரும் கேட்க இயலாதபடி செய்யப்பட்டது. உலகெங்கும் பயன்கொண்டிருந்தவரின் சினம் முறையிட்ட இருவர்மீது திரும்பியது. குறையுடன் வெளியிட்ட நிறுவனத்தின்மீது அவ்வளவாகத் திரும்பவில்லை. 2022 நவம்பரில் நீதித்துறையுடன் உடன்பாடு ஏற்பட்டு, உள்ளடக்கத்தை அணுகத்தக்கதாக்கப் பல்கலைக்கழகம் இசைந்தது. தொடக்கத்திலேயே செய்திருந்தால் சிறு செலவில் முடிந்திருக்க வேண்டியதற்கு ஆறாண்டுகள் ஆயின.

தமிழ்ச் சூழலில் விலக்குதல் வேறு உருவில் நிகழ்கிறது. கோப்பு இணையத்தில் இருக்கும். மாணவர் கேட்டால் ‘ஏற்றியாயிற்று’ என்ற விடை வரும். நிறுவன மதிப்பீட்டுக் குழுவுக்குக் காட்டும் அட்டவணையிலும் அது எண்ணப்படும்.

தேடல், ஒப்புமை, உரிமை

பழைய எழுத்துருவில் அமைந்த ஆய்வேடு பார்வையற்றவருக்கு மட்டும் மூடியதன்று. அதனுள் எவரும் ஒரு சொல்லைத் தேட இயலாது. கருத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருளுக்கும் அது பொருளற்ற ஆங்கில எழுத்துக்குவியலே. மானியக் குழு 2018இல் கல்விசார் நேர்மைக்கான நெறிமுறைகளை வகுத்து ஒப்புமைச் சோதனையை வற்புறுத்தியபோது, ஒருங்குறியல்லாத தமிழ் உரை அச்சோதனையின் கண்ணில் படாமலே தப்பக்கூடியதாக இருந்தது. செவிக்கு எட்டாத உரை, சோதனைக்கும் எட்டவில்லை.

இக்காரணங்கள் நிர்வாகத்தை அசைக்க உதவலாம். ஆயினும் பார்வையற்ற மாணவரின் உரிமையைப் பிறருடைய வசதியின்மேல் நிறுத்துவது பிழையான வாதமுறை. தேடுதல் வேறு வழியால் எளிதாகிவிட்டால் அவருடைய உரிமை இல்லாமற்போய்விடாது.

செய்யத்தக்கது பெரிதும் இல்லை. ஆய்வேடு ஏற்கப்படும் நாளில் நூலகப் பணியாளர் கோப்பிலிருந்து ஒரு பத்தியைப் படியெடுத்து வேறு கோப்பில் ஒட்டிப் பார்க்கலாம். தமிழ் தமிழாக வந்தால் எழுத்து சரி. பின் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ மென்பொருளைக் கொண்டு இரண்டு பக்கங்களைக் கேட்கலாம். அம்மென்பொருளின் ஈஸ்பீக் குரல் தமிழை இயந்திரத் தொனியிலேயே ஒலிக்கும். இனிமை இல்லாவிடினும் பழகிய செவிக்கு அது போதும். இயல்தலைப்புகள் தாவத்தக்கனவாக உள்ளனவா என்பதையும் அப்போதே அறிந்துவிடலாம். கால்மணி நேரத்துக்குள் முடியும் வேலை இது. தேறாத கோப்பைத் திருப்பியனுப்பும் அதிகாரம் நூலகத்துக்கு வழங்கப்பட வேண்டும். ஓர அளவு தவறியதற்குத் திருப்பியனுப்பும் பல்கலைக்கழகங்களுக்கு இவ்வதிகாரம் புதியதன்று.

முன்னரே ஏறிவிட்டவற்றைப் பொறுத்தவரை காலம் கருதத்தக்கது. பாமினி முதலியவற்றில் அமைந்த மூலக்கோப்பு கிடைக்குமாயின் என்.எச்.எம். மாற்றி போன்ற கருவிகள் அதனைச் சில நொடிகளில் ஒருங்குறியாக்கிவிடும். எஞ்சுவது மெய்ப்புப் பணி மட்டுமே. அம்மூலக்கோப்புகள் பல்கலைக்கழகத்திடம் இல்லை. அவை ஆய்வாளரின் பழைய கணினியிலும் அச்சகத்தாரின் குறுவட்டிலும் கிடக்கின்றன. ஆண்டுதோறும் சில அழிகின்றன. அவை அழிந்தபின் எஞ்சும் ஒரே வழி அச்சுப்படியை ஸ்கேன் செய்து, எழுத்துணரியில் இட்டு, வரிவரியாகத் திருத்துவதுதான். துறைகள் தம் பழைய ஆய்வாளரைத் தொடர்புகொண்டு மூலக்கோப்புகளைக் கேட்டுப் பெறுவதை, பாடத்திட்டத்தில் மேற்கோள் நூலாக உள்ள ஆய்வேடுகளிலிருந்து தொடங்கலாம்.